எர்த் ஒயர் கூடுதலா போட்டா வண்டி பறக்குமா? சிதறால் அடிவாரத்தில் ஒரு மல்டிமீட்டர்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த வரிகளையும், மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்காமல் போன சில இடங்களையும் எடுத்திருக்கிறோம்.)

00:00 கேள்வி

போன மாசம் வந்த கேள்விகளில் ஒண்ணு மட்டும் நாலஞ்சு பேர்கிட்ட இருந்து வேற வேற வார்த்தையில வந்திருந்தது. "எஞ்சின் பேயில கூடுதலா எர்த் ஒயர் போட்டா பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், ஹெட்லைட் பளிச்சுன்னு எரியும்னு சொல்றாங்க. உண்மையா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். உங்க வண்டியில ஏற்கெனவே இருக்கிற எர்த் கெட்டுப்போயிருந்தா, ஆமா, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். எர்த் நல்லா இருந்தா, எத்தனை ஒயர் போட்டாலும் ஒண்ணும் நடக்காது. இதுல உங்க வண்டி எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க ஐந்நூறு ரூபாய்க்குள்ள கிடைக்கிற ஒரு மல்டிமீட்டர் போதும். மீதி எபிசோட் முழுக்க, ஏன் அப்படிங்கிறதும் எப்படி அளக்கிறதுங்கிறதும்தான்.

01:40 இந்த 'எர்த்' மண்ணு இல்ல

வீட்டு எர்த் நிஜமாவே மண்ணுக்குள்ள போகுது. கார் எர்த்துக்கும் மண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. கார்ல எர்த்னா பேட்டரியோட நெகட்டிவ் முனைக்கு கரண்ட் திரும்பிப் போற வழி. அவ்வளவுதான்.

ஒரு பல்பு எரிய ரெண்டு ஒயர் வேணும், போக ஒண்ணு, வர ஒண்ணு. ஆனா கார் முழுக்க இரும்புத் தகடு. வர்ற வழிக்கு அந்தத் தகட்டையே பயன்படுத்திக்கிட்டா ஒயர் கிட்டத்தட்ட பாதியா குறையும். அதனால பேட்டரி நெகட்டிவை பாடியில ஒரு போல்ட்ல கட்டிடுவாங்க. ஹெட்லைட், ஹாரன், வைப்பர் எல்லாம் பக்கத்துல இருக்கிற தகட்டுல தன் கறுப்பு ஒயரை முடுக்கிக்கும். 1960-கள் வரைக்கும் பல பிரிட்டிஷ் கார்கள்ல பாசிட்டிவைத்தான் பாடியில கட்டினாங்க. இப்போ உலகம் முழுக்க நெகட்டிவ் எர்த்தான்.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. வண்டியிலேயே அதிக கரண்ட் இழுக்கிற ஆள் ஸ்டார்ட்டர் மோட்டார். அது உட்கார்ந்திருக்கிறது எஞ்சின்ல. கரண்டை உண்டுபண்ற ஆல்டர்னேட்டரும் எஞ்சின்லதான். ஆனா அந்த எஞ்சின் பாடியைத் தொடுறதே இல்ல! அதிர்வு உள்ள வரக்கூடாதுன்னு ரப்பர் மவுண்ட் மேல தொங்குது. ரப்பர் கரண்டைக் கடத்தாது. அதனால எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு தடித்த ஒயரோ, செம்பு இழைகளைப் பின்னின ஒரு பட்டையோ தனியா கட்டியிருப்பாங்க. சில வண்டிகள்ல பேட்டரியிலிருந்து நேரா கியர்பாக்ஸுக்கே ஒரு ஒயர் போகும். வண்டியோட மொத்த மின்சாரமும் இந்த ஒண்ணு ரெண்டு ஒயரை நம்பித்தான் நிக்குது.

04:30 கெடுறது ஒயர் இல்ல, ஜாயின்ட்

எஃகு, செம்பைவிட மட்டமான கடத்திதான். ஆனா கார் பாடி அகலமான தகடு, அதனால அந்தப் பாதையில தடை ரொம்பக் கம்மி. செம்பு ஒயரும் சட்டுன்னு கெடாது. கெடுறது ரெண்டும் சேர்ற இடம், அந்த போல்ட்டுக்கு அடியில. பெயின்ட், துரு, எண்ணெய்ப் பிசுக்கு, பேட்டரி ஆசிட் பூத்த பொடி, எதுவா இருந்தாலும் அது ஒரு தடை.

தடைன்னா எவ்வளவு? ஜார்ஜ் ஓம் 1827-ல எழுதி வச்ச விதியை ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். வோல்ட் சமம் ஆம்பியர் பெருக்கல் ஓம். ஒரு சின்ன பெட்ரோல் கார்ல சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட்டர் சுமார் 100 ஆம்பியர் இழுக்குதுன்னு வச்சுக்கோங்க. போல்ட்டுக்கு அடியில 0.01 ஓம், அதாவது ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு தடை இருக்கு. 100-ஐ 0.01-ஆல பெருக்கினா 1 வோல்ட். பேட்டரி குடுக்கிற பன்னெண்டு சொச்சத்துல ஒரு வோல்ட் அந்த போல்ட்லயே தொலைஞ்சுடுச்சு. தொலைஞ்ச வோல்ட்டும் அந்த 100 ஆம்பியரும் சேர்ந்தா 100 வாட். அது அந்த இடத்துல சூடா மாறும்.

ஹெட்லைட்டும் அப்படித்தான். 55 வாட் ஹாலஜன் பல்பு ரெண்டு சேர்ந்தா சுமார் 9 ஆம்பியர். பல்புக்குப் போக வேண்டிய 13.5 வோல்ட் 12.5 ஆனா, வெளிச்சமும் ஏழெட்டு சதவீதம்தான் குறையும்னு தோணும். இல்ல, ஹாலஜன் பல்புல வோல்ட் கொஞ்சம் இறங்கினா வெளிச்சம் பல மடங்கு வேகமா இறங்கும். ஒரு வோல்ட் போனா கிட்டத்தட்ட கால் பங்கு வெளிச்சம் போயிடும். "எர்த் ஒயர் போட்டதும் லைட் பளிச்சுன்னு ஆச்சு"ன்னு சொல்றவங்க பொய் சொல்லல. அவங்க வண்டியில கால் பங்கு வெளிச்சம் முன்னாடியே காணாம போயிருந்தது, ஒயர் அதைத் திருப்பிக் குடுத்தது. அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது பாதுகாப்பு பத்தினது. எஞ்சின் எர்த் சுத்தமா அறுந்துபோனா கரண்ட் சும்மா நிக்காது, வேற வழி தேடும். பழைய வண்டிகள்ல எஞ்சினையும் பாடியையும் இணைக்கிற ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள் வழியா திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய கம்பி நூறு ஆம்பியருக்கானது இல்ல. சூடேறும், மேல் உறை உருகும். கேபிள் அடிக்கடி இறுகிக்குதுன்னு மாத்திக்கிட்டே இருக்கிற வண்டியில எர்த்தையும் ஒரு தடவை பாருங்க.

07:50 சிதறால்ல ஒரு வண்டி

இதையெல்லாம் மேசையில உட்கார்ந்து பேசாம, ஒரு நிஜ வண்டியில அளந்து காட்டணும்னு தோணுச்சு. அதுக்காகத்தான் கன்னியாகுமரி மாவட்டம், சிதறால். 9-ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்க்க வர்றவங்க வண்டியைக் கீழ விட்டுட்டு நடந்துதான் மலை ஏறணும். அந்த அடிவாரத்துலதான் இதைப் பதிவு பண்ணேன்.

எர்த் பத்திப் பேச இந்த ஊர் பொருத்தமான ஊர். இந்த மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. வருஷத்துல பாதி மாசம் எஞ்சின் பே காயறதே இல்ல. கொஞ்ச தூரம் போனா கடல், உப்புக்காத்து. செம்பு லக், எஃகு பாடி, நடுவுல உப்பு கலந்த ஈரம், இந்த மூணும் சேர்ந்தா அது ஒரு குட்டி பேட்டரி. அதுல முதல்ல அரிச்சுப் போறது எஃகு. எஞ்சின் பிளாக் அலுமினியமா இருந்தா அந்த அலுமினியம். அப்புறம், தமிழ்நாட்டு ரப்பர்ல பெரும்பகுதி விளையுறது இந்த மாவட்டத்துலதான். எஞ்சின் மவுண்ட்டும் பெரும்பாலும் இயற்கை ரப்பர்தான். எஞ்சினைத் தனியாப் பிரிச்சு வைக்கிற பொருள் சுத்திலும் மரமா நிக்குது.

வண்டி ஒரு பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். சொந்தக்காரர் அதை வாடகைக்கு ஓட்டுறவர். என்னைவிட இருபது வயசு மூத்தவர், அண்ணேன்னு கூப்பிட்டேன்.

"மக்கா, வெயிலடிச்சா ஒரு பிரச்சினையும் இல்ல. மழை பெஞ்ச மறுநாள் விடியக்காலம் சாவி திருப்புனா 'டிக்'குன்னு ஒரு சத்தம் மட்டும் கேக்கும். புது பேட்டரி போட்டு மூணு மாசம்கூட ஆவல்ல. இப்பம் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாத்தணும்னு சொல்லுதாங்க."

"விடியக்காலம்தான் ஓட்டம் இருக்குமாண்ணே?"

"பின்ன? ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, ரயிலுக்குப் போறவங்க, எல்லாம் அந்த நேரந்தான். ரெண்டு தடவ வண்டி எடுக்கலன்னா மூணாந்தடவ நம்மள விளிக்க மாட்டாவ."

பேட்டரிக்கு ஏற்கெனவே காசு போயாச்சு. அடுத்து ஸ்டார்ட்டருக்குப் போகப் போகுது. ரெண்டுக்கும் முன்னாடி யாரும் நெகட்டிவ் பக்கத்தை அளக்கல.

10:20 அளந்தது இப்படி

மல்டிமீட்டரை டிசி வோல்ட்ல வச்சோம். ஓம்ல வைக்காதீங்க. கையடக்க மீட்டரோட ஒயருக்கே 0.2, 0.3 ஓம் தடை இருக்கும். நாம தேடுறது 0.01 ஓம், அது அதுல தெரியாது. அதோட, ஒயர்ல பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சம் இருந்தாலும் ஓம்ல பார்த்தா "நல்லா இருக்கு"ன்னுதான் காட்டும். கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் தொலையுதுன்னு பார்க்கிறதுதான் சரியான வழி. இதுக்கு வோல்டேஜ் டிராப் டெஸ்ட்னு பேரு.

கியர் நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருத்தர் சாவியைத் திருப்ப, ஒருத்தர் அளக்க. வண்டி ஸ்டார்ட் ஆகிடாம இருக்க ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்து வச்சுக்கிட்டோம். ஒரு தடவைக்கு நாலு செகண்டுக்கு மேல சுத்த விடல.

பேட்டரியோட ரெண்டு முனைக்கும் நடுவுல, ஸ்டார்ட்டர் சுத்தும்போது, 11.1 வோல்ட். பேட்டரி நல்லா இருக்கு.

பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து ஸ்டார்ட்டரோட போல்ட் வரைக்கும் 0.2 வோல்ட். அந்தப் பக்கமும் சரி.

பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து பாடி வரைக்கும் 0.1 வோல்ட். சரி.

பேட்டரி நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக் வரைக்கும் 1.9 வோல்ட்.

அங்கதான் மாட்டுச்சு. 11.1-ல இருந்து 0.2-ஐயும் 1.9-ஐயும் கழிச்சா, ஸ்டார்ட்டருக்குக் கிடைச்சது வெறும் 9 வோல்ட். இது காய்ஞ்ச நாள்ல. மழைக்கு அடுத்த நாள் இன்னும் குறைஞ்சிருக்கும். பாடி வரைக்கும் 0.1, எஞ்சின் வரைக்கும் 1.9. அப்போ பழுது பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல, அந்தப் பின்னல் பட்டையில.

பொதுவான அளவுகோல் இதுதான். ஸ்டார்ட்டர் சுத்தும்போது நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் நடுவுல 0.2, 0.3 வோல்ட்டுக்குள்ள இருந்தா கவலை வேண்டாம். அரை வோல்ட்டைத் தாண்டினா எர்த் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட், ஏசி ப்ளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாத்தையும் போட்டுட்டு, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவுல அளங்க. 0.2-க்குள்ள இருக்கணும்.

மீட்டர் இல்லையா? ஜம்ப் ஸ்டார்ட் கேபிள் இருந்தா அதுல ஒரு ஒயரை மட்டும் எடுத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் மறு முனையை எஞ்சின்ல பெயின்ட் இல்லாத கனமான இரும்புலயும் கடிக்க விட்டுட்டு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஃபேன், பெல்ட் பக்கம் ஒயர் போகாம பார்த்துக்கோங்க. டக்குன்னு எடுத்தா குத்தவாளி எர்த். நாங்களும் அப்படிச் செஞ்சு பார்த்தோம், 1.9 இறங்கி 0.6 ஆச்சு, எஞ்சின் சுத்துற சத்தமே மாறிடுச்சு. அண்ணன் முகத்தை ரெக்கார்ட் பண்ண முடியாது, இது ஆடியோ.

13:10 சரி பண்ணினது, அப்புறம் கூடுதல் ஒயர்

இனி இந்த எபிசோடோட முக்கியமான நம்பர். பட்டையைக் கழட்டினா பாதி இழை அறுந்து பச்சை பூத்திருந்தது. பாடி பக்கம் போல்ட்டுக்கு அடியில துரு. துருவைத் தேய்ச்சு எடுத்து, புதுப் பட்டை போட்டு, இறுக்கி, மறுபடி அளந்தோம். 1.9 இருந்த இடத்துல 0.15.

அதுக்கு அப்புறம்தான் எல்லாரும் கேக்குற அந்தக் கூடுதல் ஒயரைப் போட்டோம். பேட்டரி நெகட்டிவ்லிருந்து நேரா எஞ்சினுக்கு ஒண்ணு. மறுபடி அளந்தோம். 0.13.

கவனிச்சீங்களா? இருக்கிறதைச் சரி பண்ணினதுல கிடைச்சது 1.75 வோல்ட். கூடுதல் ஒயர்ல கிடைச்சது 0.02 வோல்ட். அப்போ அந்த ஒயர் வீணா? இந்த ஊருக்கு வீண் இல்ல. நாளைக்கு ஒரு ஜாயின்ட் துருப்பிடிச்சா கரண்டுக்கு இன்னொரு வழி இருக்கும். விடியக்காலம் ஓட்டத்தை நம்பிப் பிழைக்கிற வண்டிக்கு அது ஒரு ஸ்பேர் டயர் மாதிரி. ஆனா ஸ்பேர் டயர் வண்டியை வேகமா ஓட வைக்காது.

14:40 நீங்க போடுறதா இருந்தா

ஒயர். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு போதும், ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிஓம் சொச்சம்தான் தடை. நுண்ணிய இழைகள் உள்ள, வளையக்கூடிய ஒயரா இருக்கணும். ஹார்டுவேர் கடையில வெல்டிங் கேபிள்னு கேட்டா கிடைக்கும். ஆனா செம்பு பூசின அலுமினியம் நிறைய விக்குது. ஒரு இழையைக் கத்தியால சுரண்டிப் பாருங்க. உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியம், வேண்டாம்.

லக். ஈயம் பூசின செம்பு லக்கை, சரியான கிரிம்ப்பிங் டூல்ல அழுத்தணும். சுத்தியல்ல தட்டினது ஆறு மாசத்துல தளர்ந்துடும். மேல ஹீட் ஷ்ரிங்க் டியூப்.

வரிசை. சாவியை எடுத்துடுங்க. முதல்ல பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க, மாட்டும்போது அதைக் கடைசியா மாட்டுங்க. நெகட்டிவ் இருக்கும்போது பாசிட்டிவ்ல ஸ்பேனர் வச்சு, அந்த ஸ்பேனர் பாடியில பட்டா நேர் ஷார்ட், ஸ்பேனரே பழுக்கும். சில வண்டிகள்ல ஸ்டீரியோ கோடு கேக்கும், அதை முதல்லயே எடுத்து வச்சுக்கோங்க.

இடம். எஞ்சின்ல ஏற்கெனவே இருக்கிற பிராக்கெட் போல்ட், பாடியில கம்பெனியே குடுத்திருக்கிற எர்த் போல்ட், இவை போதும். லக் உட்கார்ற வட்டத்துல மட்டும் பெயின்ட்டைத் தேய்ச்சு எடுங்க, இறுக்கின அப்புறம் மேல வாசலின் தடவுங்க, இல்லன்னா அந்த வட்டமே அடுத்த துருவுக்கு வாசல். எஞ்சின் ஆடும், அதனால ஒயர் கொஞ்சம் தளர்வா இருக்கணும். சைலன்சர் பைப், பெல்ட், ஃபேன் பக்கம் போகவே கூடாது. கம்பெனி போட்ட ஒயரைக் கழட்டிட்டு நம்ம ஒயரைப் போடாதீங்க, அது கூடவே இருக்கட்டும்.

தொடக்கூடாதது. பெட்ரோல் பைப், பிரேக் பைப், சஸ்பென்ஷன், ஏர்பேக் சம்பந்தப்பட்ட எந்த போல்ட்டும் வேண்டாம். சென்சாரோட எர்த் ஒயர்ல எதையும் சேர்க்காதீங்க. ஸ்டார்ட்-ஸ்டாப் இருக்கிற புது வண்டிகள்ல பேட்டரி நெகட்டிவ் முனையிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். உள்ள போற, வெளிய வர்ற கரண்டை அது கணக்கு வைக்குது. நீங்க நேரா பேட்டரி முனையில ஒயரைக் கட்டினா, அந்தக் கரண்ட் சென்சாருக்குத் தெரியாமலே திரும்பிடும், கணக்கு தப்பும். அந்த வண்டியில பாடி எர்த் போல்ட்லதான் கட்டணும். ஆரஞ்சு நிற கேபிள் இருக்கிற ஹைப்ரிட், எலெக்ட்ரிக் வண்டிகள்ல கையே வைக்காதீங்க, அது நூத்துக்கணக்கான வோல்ட். வாரண்டி இருக்கிற வண்டியில அளந்த நம்பரை சர்வீஸ்ல காட்டி அவங்களையே சரி பண்ணச் சொல்லுங்க.

17:00 அப்போ அந்த பிக்கப்?

ஜப்பான்ல 2000-களோட தொடக்கத்துலயே கலர் கலரா எர்த்திங் கிட் பிரபலம். இப்போ நம்ம ஊர்லயும் சில ஆயிரம் ரூபாய்க்கு விக்குது. போட்டவங்க சிலர் வண்டி நிஜமாவே மென்மையா ஓடுதுன்னு சொல்றாங்க. அதுக்குக் காரணம் பெரும்பாலும் கிட் இல்ல, கிட் போடும்போது நடக்கிற மத்த வேலைகள். பேட்டரி முனையைக் கழட்டி சுத்தம் பண்றோம். பழைய போல்ட்டைத் தளர்த்தி இறுக்குறோம். பேட்டரி இணைப்பு போனதும் பல வண்டிகள்ல இசியு கத்து வச்சிருந்த எரிபொருள் அளவுகளை மறந்துட்டு புதுசா கத்துக்க ஆரம்பிக்கும், அதனால ரெண்டு நாள் ஓட்டம் வேற மாதிரி தெரியும். காசு குடுத்திருக்கோம், நல்லா இருக்கணும்னு மனசும் சேர்ந்துக்கும்.

பிளக்ல வர்ற தீப்பொறியோட சக்தியை இசியு தீர்மானிக்குது. நல்ல எர்த்ல 0.02 வோல்ட் மிச்சம் பிடிச்சா தீப்பொறி பெரிசாகாது, மைலேஜும் மாறாது.

ஒரே ஒரு இடத்துல கூடுதல் ஒயர் நிஜமாவே தேவைப்படும். வண்டியில கம்பெனி நினைச்சதைவிட அதிகமா கரண்ட் இழுக்கிற எதையாவது நீங்க சேர்த்தா. உதாரணம், பெரிய ஆம்ப்ளிஃபையரும் சப்வூஃபரும். திரும்பி வர்ற வழி பழைய அளவுலயே இருந்தா, பாஸ் அடிக்கும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து ஆடும். அங்க எர்த் ஒயரையும் ஆல்டர்னேட்டர்லிருந்து பேட்டரிக்கு வர்ற பாசிட்டிவ் ஒயரையும் சேர்த்துத் தடிமனாக்குவாங்க. பாசிட்டிவ் ஒயருக்கு பேட்டரி பக்கத்துலயே ஃபியூஸ் கட்டாயம்.

18:30 முடிக்கும் முன்

அண்ணன் ஸ்டார்ட்டர் மோட்டார் வாங்கல. பட்டை, ஒயர், லக் எல்லாம் சேர்த்து சில நூறு ரூபாய். "அந்த நம்பரை ஒரு பேப்பர்ல எழுதித் தா மக்கா, அடுத்த மழைக்கு நானே பாத்துக்கிடுதேன்"னு கேட்டார். எழுதிக் குடுத்தேன். 0.15, தேதியோட.

நீங்களும் அதையே பண்ணுங்க. வண்டி நல்லா இருக்கும்போதே ஒரு தடவை அளந்து, நம்பரை ஆர்சி புக் கவர்ல எழுதி வச்சுடுங்க. பின்னாடி ஒருநாள் யாராவது "பேட்டரி போச்சு, ஸ்டார்ட்டர் போச்சு"ன்னு சொன்னா, காசு எடுக்கிறதுக்கு முன்னாடி மறுபடி அளங்க. நம்பர் மாறியிருந்தா எங்க தேடணும்னு உங்களுக்கே தெரியும்.

அடுத்த எபிசோட்ல, வண்டியை நிறுத்தி வச்சிருக்கும்போது பேட்டரியை யாரோ குடிச்சுடறாங்களே, அந்தத் திருடனைத் தேடுவோம். இதே மல்டிமீட்டர் போதும், பத்திரமா வச்சுக்கோங்க.